கடைசி நாளும் ஒரு நாள்தான்

 

"கணக்கு சார் இந்த வயசுல பைத்தான் படிக்கிறாராம்" என்று உங்கள் வாட்ஸப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுவதாகக் கேள்விப்பட்டேன். உண்மைதான். இரண்டு மூன்று பேர் போன் போட்டே கேட்டுவிட்டீர்கள், "எதுக்கு சார் உங்களுக்கு இந்த வேலை?" என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

காரணம் ஒரு நாள். ஒரே ஒரு நாள். அதன் மதிப்பு 7,500 ரூபாய்.

என் சின்னம்மா மகள், எனக்குத் தங்கை, ஒரு தனியார் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்தாள். உறவுகளுக்கு யார் என்று தெரிந்திருக்கும். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேரை மட்டும் போட்டுறாதீங்கண்ணே" என்றாள், போடவில்லை. பள்ளியின் பெயரும் வேண்டாம்.

அவள் வேலையில் சேர்ந்தது 16-8-2004, திங்கட்கிழமை. கடைசியாக வேலை பார்த்தது 16-2-2022, புதன்கிழமை. அன்று மாலைவரை இருந்து, பிப்பெட், பியூரெட் எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்து, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். அவளுக்குப் பணிக்கொடை வர வேண்டும்.

பணிக்கொடை எப்படிக் கணக்கிடுவது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவளுக்குப் பொருந்தியது 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம். குறைந்தது ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் என்றால், கடைசியாக வாங்கிய சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். வருவது ஓர் ஆண்டுக்கான தொகை. அதை எத்தனை ஆண்டு வேலை பார்த்தாரோ அத்தனையால் பெருக்க வேண்டும். பள்ளிகளும் இதற்குள் வந்தன. ஆசிரியர்களையும் சேர்த்து 2009-இல் ஒரு திருத்தம் வந்தது, 3-4-1997 முதல் செல்லும் என்று. உச்ச நீதிமன்றமும் 2022 ஆகஸ்டில் அந்தத் திருத்தம் சரிதான் என்று தீர்ப்புச் சொன்னது. தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். முழு ஆண்டுகள் போக மிச்சமிருக்கும் மாதங்களை என்ன செய்வது? சட்டம் சொல்வது: ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதையும் ஓர் ஆண்டாக எடுத்துக்கொள். "ஆறு மாதம்" என்று இல்லை, "ஆறு மாதத்துக்கு மேல்". அந்த "மேல்" என்ற சொல்லில்தான் தங்கையின் 7,500 ரூபாய் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் கடைசிச் சம்பளம் 13,000. அதை 26-ஆல் வகுத்தால் 500. 15-ஆல் பெருக்கினால் 7,500. பதினேழு ஆண்டு என்றால் 1,27,500. பதினெட்டு என்றால் 1,35,000.

பள்ளி அலுவலகத்தில் இரண்டு தேதிகளையும் கம்ப்யூட்டரில் கொடுத்திருக்கிறார்கள். "17 வருடம், 6 மாதம், 0 நாள்" என்று வந்திருக்கிறது. பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"அண்ணே, கம்ப்யூட்டர்லயே போட்டுக் காட்டிட்டாங்க. சரியா ஆறு மாசந்தானாம். ஆறு மாசத்துக்கு மேல இருந்தாத்தான் ஒரு வருசமாச் சேர்ப்பாங்களாம். கம்ப்யூட்டரே சொல்லும்போது நாம என்னண்ணே பேச முடியும்?" என்றாள்.

முப்பது வருடத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் உறுத்தியது. கம்ப்யூட்டர் கழித்த கழித்தல் சரிதான். அதனிடம் என்ன கேள்வி கேட்டார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு வேலிக்கல் கணக்கு நினைவிருக்கும். 100 அடி நீளத்துக்கு வேலி, பத்தடிக்கு ஒரு கல். எத்தனை கல் வேண்டும்? வகுப்பே ஒன்றாகச் "பத்து!" என்று கத்தும். நான் வெளியே கூட்டிப்போய் மைதானத்து ஓரம் குச்சி நடச் சொல்வேன். நட்டு முடித்து எண்ணினால் பதினொன்று. இடைவெளி பத்து, கல் பதினொன்று. இடைவெளி வேறு, கல் வேறு. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வாழ்க்கைக் கணக்கு சரியாகிவிடும் என்று சொல்வேன். சிலர் சிரித்தீர்கள். தங்கையின் கணக்கு அதே வேலிக்கல்தான்.

ஆனால் அதை வாயால் சொன்னால் எடுபடாது. அவர்கள் கையில் கம்ப்யூட்டர் தாள். என் கையிலும் ஒரு கம்ப்யூட்டர் தாள் இருக்க வேண்டும், அதோடு அது எப்படி வந்தது என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லவும் எனக்குத் தெரிய வேண்டும். அப்போது என் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலுக்குப் பைத்தான்தான் மொழி. "பைத்தான்னா பாம்பா?" என்று கேட்டாள் என் மனைவி. பாம்பு இல்லை. மான்டி பைத்தான் என்று ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு. அதன் பெயரைத்தான் கீடோ வான் ராசம் தன் மொழிக்கு வைத்தார். 1991-இல் வெளியானது. பேத்தி எனக்கு டீச்சர் ஆனாள். கண்டிப்பான டீச்சர்.

பைத்தானை நிறுவும்போதே கூடவே ஒரு பெரிய கருவிப்பெட்டி வரும். அதை ஸ்டாண்டர்டு லைப்ரரி என்கிறார்கள். தனியாக எதையும் இறக்க வேண்டாம், காசும் இல்லை. அந்தப் பெட்டியில் டேட்டைம் என்று ஓர் அறை. 2003-இல் வந்த பதிப்பிலிருந்து இருக்கிறது. அதற்குள் தேதிக்கு "டேட்", தேதியும் நேரமும் சேர்ந்ததற்கு "டேட்டைம்", கால அளவுக்கு "டைம்டெல்டா".

இது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்துபோனது. கி.பி. 1-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஐ முதல் மைல்கல்லாக வைத்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எண் வைத்திருக்கிறது. இன்றைய நாட்காட்டி முறையை அப்படியே பின்னோக்கி நீட்டி எண்ணுகிறது. லீப் வருடக் கணக்கெல்லாம் அதில் அடக்கம். தங்கை சேர்ந்த 16-8-2004 அதன் கணக்கில் 731809-ஆவது நாள். கடைசி நாளான 16-2-2022 என்பது 738202-ஆவது நாள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 6393. அவ்வளவுதான். இடையில் 2008, 2012, 2016, 2020 என்று நான்கு பிப்ரவரி 29 வந்தது என்பதையெல்லாம் நாம் தலையில் சுமக்க வேண்டாம்.

ஆனால் 6393 என்பது என்ன? இரண்டு மைல்கற்களுக்கு நடுவே உள்ள தூரம். இடைவெளி. கற்களை எண்ணினால் 6394.

இன்னும் தெளிவாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குத் தேதி என்றால் அந்த நாளின் தொடக்கம் மாதிரி. இரண்டு தேதிகளைக் கழித்தால், சேர்ந்த நாளின் தொடக்கத்திலிருந்து கடைசி நாளின் தொடக்கம் வரைதான் அளக்கிறது. கடைசி நாள் காலையில் தங்கை பள்ளிக்குள் நுழைந்ததும், மாலைவரை நின்றதும், சாவியை ஒப்படைத்ததும் அந்த அளவுக்குள் வரவில்லை. அவள் உழைத்த காலம் முடிவது புதன்கிழமை இரவு. அதாவது வியாழன் பிறக்கும் நேரம். ஆகவே கழிக்க வேண்டியது 17-2-2022-இலிருந்து. கடைசித் தேதியோடு ஒரு டைம்டெல்டா நாளைக் கூட்டிவிட்டுக் கழித்தால் 6394 சரியாக வரும்.

அரசு அலுவலகங்களில் பணிப்பதிவேடு எழுதிப் பழகிய பழைய கிளார்க்குகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. மேலே விடுவிப்புத் தேதிக்கு மறுநாள், கீழே சேர்ந்த தேதி, வருடம் மாதம் நாள் என்று மூன்று பத்தியாகப் போட்டுக் கடன் வாங்கிக் கழிப்பார்கள். நீங்களும் போட்டுப் பாருங்கள். நாளில் 17-இலிருந்து 16 போக 1. மாதத்தில் 2-இலிருந்து 8 போகாது, ஒரு வருடம் கடன் வாங்கினால் 14, அதில் 8 போக 6. வருடத்தில் 2021-இலிருந்து 2004 போக 17. விடை: 17 வருடம், 6 மாதம், 1 நாள். ஆறு மாதத்துக்கு மேல்!

சரி, நாள் கணக்கு வந்துவிட்டது. அதை வருடம், மாதமாகப் பைத்தானே பிரித்துக் கொடுக்குமா என்று பார்த்தேன். இங்கேதான் எனக்கு அந்த மொழியின் மீது மரியாதை கூடியது. டைம்டெல்டாவுக்குள் வாரம் கொடுக்கலாம், நாள், மணி, நிமிடம், விநாடி, மில்லி விநாடி, மைக்ரோ விநாடி எல்லாம் கொடுக்கலாம். மாதம் கொடுக்க முடியாது. வருடமும் முடியாது. அந்த இடமே கிடையாது.

"ஏன் தாத்தா மறந்துட்டாங்களா?" என்றாள் பேத்தி. மறக்கவில்லை. வாரத்துக்கு எப்போதும் ஏழு நாள். மாதத்துக்கு? 28, 29, 30, 31. அளவு மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியாது. சில விரற்கடை கூடக் குறைய இருக்கும் முழக்கோலைத் தச்சர் கையில் எடுப்பாரா?

ஒரு சின்ன உதாரணம். 30-1-2023 முதல் 1-3-2023 வரை இடைவெளி எவ்வளவு? நாளாகக் கேட்டால் 30, சந்தேகமே இல்லை. மாதமாகக் கேட்டால்? ஜனவரி 30-லிருந்து ஒரு மாதம் முன்னே போனால் பிப்ரவரி 30 இல்லை, 28-இல் நிற்க வேண்டும், அங்கிருந்து ஒரு நாள். ஆக ஒரு மாதம் ஒரு நாள். மார்ச் 1-லிருந்து பின்னால் வந்தால் பிப்ரவரி 1, அங்கிருந்து ஜனவரி 30-க்கு இரண்டு நாள். ஆக ஒரு மாதம் இரண்டு நாள். இரண்டு பேரும் கணக்கில் தப்புச் செய்யவில்லை, ஆனால் விடை வேறு. காரணம், மாதம் என்பது மனிதர்கள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. எந்த ஏற்பாடு என்று சொல்லாமல் விடை கேட்க முடியாது. பைத்தான் அதனால்தான் "நாளைச் சொல்கிறேன், மாதத்தை நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று விலகி நிற்கிறது.

தங்கையின் கணக்கில் நல்ல வேளையாக அந்தச் சிக்கல் இல்லை. 16-ஆம் தேதி எல்லா மாதத்திலும் உண்டு. ஆனால் "மாதம்" என்றால் என்ன என்று யாராவது கேட்டால்? அதற்கும் நம் நாட்டுச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாஸஸ் சட்டம், மத்தியச் சட்டங்களில் மாதம் என்றால் பிரிட்டிஷ் நாட்காட்டிப்படியான மாதம் என்று சொல்கிறது. அதாவது நம் சுவரில் தொங்கும் காலண்டர் மாதம். 30 நாள் என்று வைத்துக்கொண்டு வகுக்கக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், என் உறவினர் ஒருவர் குறுக்கு வழி சொன்னார். "எதுக்கு மாமா இவ்வளவு? 6394-ஐ 365-ஆல வகுங்க. 17 வருஷம் போக 189 நாள் மிச்சம். 30-ஆல வகுத்தா ஆறு மாசம் ஒம்பது நாள். ஜெயிச்சாச்சு!" என்றார். விடை நமக்குச் சாதகம்தான். ஆனால் அந்த 189-இல் நான்கு நாள் லீப் வருடங்களின் பிப்ரவரி 29-கள், அவை முழு வருடங்களுக்குள் இருக்க வேண்டியவை, மிச்சத்தில் வந்து நிற்கின்றன. மற்றபடி 30-ஐ விட நீளமான மாதங்களின் 31-ஆம் தேதிகள். விடை சரியாக இருந்து வழி தவறாக இருந்தால் நான் மதிப்பெண் போட மாட்டேன் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். எதிராளி இந்த ஓட்டையைப் பிடித்துவிட்டால் சரியான ஒரு நாளும் சேர்ந்து போய்விடும். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது கணக்கும் சுத்தமாக இருக்க வேண்டும்.

ஆகவே நிரலை இப்படி எழுதினோம். கடைசி நாளோடு ஒன்று கூட்டு. சேர்ந்த தேதியிலிருந்து வருடம் வருடமாக முன்னே நகர்த்து, முடிவைத் தாண்டாதவரை. 16-8-2021-இல் நின்றது, 17 வருடம். அங்கிருந்து மாதம் மாதமாக நகர்த்து. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. 16-2-2022-இல் நின்றது, 6 மாதம். மிச்சத்தைக் கழி. ஒரு நாள். மொத்தம் இருபது வரிகூட இல்லை. பிப்ரவரி 30 மாதிரி இல்லாத தேதிக்கு நகர்த்தினால் பைத்தான் பிழை என்று சொல்லி நின்றுவிடும். தானாக ஒன்றை ஊகித்துப் போட்டுவிட்டுப் போகாது. அதுவும் எனக்குப் பிடித்தது.

தங்கையை எழுதச் சொல்லி ஒரு கடிதம் தயார் செய்தோம். இரண்டு தேதிகள், பதிவேட்டு முறைக் கழித்தல், நிரலின் விடை, சட்டத்தின் வாசகம், வருகைப் பதிவேட்டில் 16-2-2022 அன்று அவள் போட்ட கையெழுத்து. கடைசியில் ஒரே கேள்வி: "அன்று நான் வேலைக்கு வந்தேனா, இல்லையா?"

அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நாளுக்கும் சேர்த்துத்தானே சம்பளம் கொடுத்திருக்கிறார்கள்! பள்ளி நிர்வாகி பெரிய மனிதர்தான். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, "இதைக் கம்ப்யூட்டர்ல எப்படிக் கேட்கணும்னு எங்க ஆபீஸ்லயும் சொல்லிக் கொடுத்துட்டுப் போம்மா" என்றாராம். 1,35,000 வந்துவிட்டது. தங்கை அந்த 7,500-இல் ஒரு கிரைண்டர் வாங்கினாள்.

"அப்போ எப்போதும் ஒன்று கூட்ட வேண்டுமா சார்?" என்று கேட்பீர்கள். கூடாது! அதையும் சொல்லிவிடுகிறேன். கெடு வேறு, உழைத்த காலம் வேறு. பணிக்கொடை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் முதலாளி கொடுக்க வேண்டும் என்பது சட்டம், தவறினால் வட்டி. இதுபோல "இன்ன நாளிலிருந்து இத்தனை நாள்" என்று வரும் கெடுக்களில் முதல் நாளைச் சேர்க்காமல் எண்ணுவதுதான் முறை. நான் முன்னே சொன்ன 1897 சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 16-2-2022-உடன் 30 நாள் டைம்டெல்டாவை அப்படியே கூட்டினால் 18-3-2022. ஒன்றும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். அதே கருவி, அதே தேதி. ஓரிடத்தில் ஒன்று கூட்டுகிறோம், ஓரிடத்தில் கூட்டவில்லை. எங்கே எது என்று தீர்மானிப்பது நாம்.

நம் ஊர் வழக்கைப் பாருங்கள். ஒரு வாரம் என்பதை "எட்டு நாள்" என்கிறோம், இரண்டு வாரத்தைப் "பதினைஞ்சு நாள்" என்கிறோம். இரண்டு ஓரத்து நாளையும் சேர்த்து எண்ணுகிற பழக்கம். காரியத்துக்குப் பதினாறாம் நாள் பார்க்கும்போது இறந்த நாளை ஒன்று என்று வைத்துத்தான் பெரியவர்கள் விரல் மடக்குவார்கள். அரசுப் பணியில் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெறுவதைப் பார்த்திருப்பீர்கள். பிறந்த நாளையே முதல் நாளாக எண்ணினால் பிறந்தநாளுக்கு முந்தைய நாளோடு அந்த வயது நிறைந்துவிடுகிறது, அதனால்தான். ஆக, கற்களை எண்ணுவது நமக்குப் புதிதல்ல. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் அது மறந்துபோகிறது.

நாள் கணக்கோடு முடித்துவிடலாம் என்றிருந்தேன். மணிக் கணக்கிலும் இரண்டு விஷயம் இருக்கிறது, மென்பொருள் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

முதலாவது: சனிக்கிழமை காலை 6 மணிக்குப் போன கரண்ட் ஞாயிறு காலை 8 மணிக்கு வந்தது என்று வையுங்கள். 26 மணி நேரம். டைம்டெல்டா இதை 1 நாள், 7200 விநாடி என்று இரண்டு டப்பாவில் போட்டு வைத்திருக்கும். "விநாடி எவ்வளவு?" என்று கேட்டால் இரண்டாவது டப்பாவை மட்டும் திறந்து 7200 என்று காட்டும். அது இரண்டு மணி நேரம்தான்! "மொத்த விநாடி எவ்வளவு?" என்று கேட்டால்தான் 93600 என்று சொல்லும். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். கேள்வியில் "மொத்தம்" என்ற ஒரு சொல் விட்டுப்போனால் ஒரு நாளே காணாமல் போகும்.

இரண்டாவது, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நர்ஸாக இருக்கும் நம் மாணவி ஒருத்தி கேட்டது. இரவு 7 மணிக்கு ஏறி காலை 7 மணிக்கு இறங்கும் டூட்டி. பன்னிரண்டு மணி நேரம். ஆனால் அங்கே நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். 2-11-2024 சனி இரவு 7-க்கு ஏறியவள் 3-11-2024 ஞாயிறு காலை 7-க்கு இறங்கும்போது கடிகாரம் பன்னிரண்டு என்கிறது, கால் பதின்மூன்று என்கிறது. "சார், அந்த ஒரு மணி நேரம் கணக்குல வருமா?" என்று கேட்டாள்.

வர வேண்டும். அந்த ஊர்ச் சட்டப்படி உண்மையில் வேலை பார்த்த மணிக்குச் சம்பளம். ஆனால் பைத்தானில் அந்த இரண்டு நேரத்தையும் நியூயார்க் நேரம் என்று சொல்லிக் கழித்தால் 12 என்றுதான் வரும்! இரண்டும் ஒரே நேர மண்டலம் என்றால் அது கடிகார முகத்தை மட்டும் பார்த்துக் கழிக்கும். ஒளிக்கவில்லை, அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் முதலில் உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்ற வேண்டும். சனி 23 மணி, ஞாயிறு 12 மணி என்று ஆகும். இப்போது கழித்தால் 13. நேர மண்டலங்களுக்கான ஜோன்இன்ஃபோ என்ற அறையும் 2020-இல் வந்த பதிப்பிலிருந்து அதே லைப்ரரியில் இருக்கிறது. இதே டூட்டி மார்ச் இரண்டாம் ஞாயிறு என்றால் பதினொன்றுதான் வரும். நமக்குச் சாதகமான மாதத்தில் மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது, அதையும் அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

பிள்ளைகளே, இவ்வளவும் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. உங்களில் பல பேர் இன்று கணக்கு வாங்குகிற இடத்தில் இல்லை, கணக்குப் போடுகிற இடத்தில் இருக்கிறீர்கள். ஹெச்ஆரில் இருக்கிறீர்கள், ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறீர்கள், சம்பள மென்பொருள் எழுதுகிறீர்கள், சொந்தமாகப் பட்டறையும் கடையும் வைத்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறீர்கள். நீங்கள் ஒரு தடவை எழுதும் அந்த ஒரு வரிக் கழித்தல் ஆயிரம் பேருடைய கடைசி நாளைத் தீர்மானிக்கும். அவர்களுக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. "கம்ப்யூட்டரே சொல்லிருச்சு" என்று தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எல்லோருக்கும் கணக்கு வாத்தியார் அண்ணன் இருக்க மாட்டான்.

ஆகவே தேதியைக் கழிக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். நான் எண்ணுவது கல்லையா, இடைவெளியையா? மாதம் என்று நான் சொல்வது எந்த மாதம்? என் கடிகாரம் நடுவில் நகர்ந்ததா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு கம்ப்யூட்டரிடம் கொடுங்கள். அது ஒருநாளும் ஏமாற்றாது.

இனி வீட்டுப்பாடம். இல்லாமல் விடுவேனா?

1. 17-11-2025 அன்று ஒருவர் மாலை போடுகிறார். அன்றிலிருந்தே விரதம். 48 நாள், ஒரு மண்டலம். 48-ஆம் நாள் எந்தத் தேதி? பைத்தானில் 47-ஐக் கூட்டுவீர்களா, 48-ஐயா? ஏன்?

2. உங்கள் வீட்டிலோ தெருவிலோ தனியாரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் சேர்ந்த தேதியையும் கடைசி வேலை நாளையும் கேட்டு வாங்குங்கள். வருடம், மாதம், நாள் போட்டுப் பாருங்கள். அவருக்குக் கொடுத்த கணக்கோடு ஒத்துப்போகிறதா?

முதல் கேள்விக்கு விடையைக் கமெண்டில் வழியோடு போடுங்கள். வெறும் விடைக்கு மதிப்பெண் கிடையாது. இரண்டாவதில் ஒரு நாள் இடிக்கிறது என்றால் எனக்குப் போன் செய்யுங்கள். காலை ஆறரைக்கு மேல் எப்போது வேண்டுமானாலும்.

பேத்தி இப்போது கல்லூரிக்குப் போய்விட்டாள். நிரலில் சந்தேகம் வந்தால் இரவு ஒன்பது மணிக்கு வீடியோ காலில் எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் நடக்கிறது. நன்றாகப் படிக்கிறேன் என்று நேற்று சொன்னாள்.

எல்லோரும் நலமாக, நீண்ட ஆயுளோடு இருங்கள். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்